அரபி எழுத்துப் பயிற்சி: அடுத்த வாரம் முதல் சேர்த்து எழுதுதல்

அனைவருக்கும் வணக்கம். 28 எழுத்துகளையும் பிள்ளைகள் தனித்தனியாக எழுதிவிடுகிறார்கள். சேர்க்கச் சொன்னால்தான் கை நின்றுவிடுகிறது. அதனால் அடுத்த வாரம் முதல் சேர்ப்பு மட்டும்தான்.

ஒவ்வொரு எழுத்துக்கும் தனியே, தொடக்கத்தில், நடுவில், கடைசியில் என நான்கு வடிவம் என்று பட்டியலை மனப்பாடம் செய்ய வைக்க வேண்டாம், மிரண்டுவிடுவார்கள். முதலில் அடுத்த எழுத்தோடு கை கோக்காத ஆறு பேரைக் காட்டுங்கள்: அலிஃப், தால், புள்ளி வைத்த தால், ரா, புள்ளி வைத்த ரா (அதாவது ஸாய்), வாவ். இவை முன்னால் வரும் எழுத்தோடு சேரும், பின்னால் வருவதோடு சேராது.

மூன்று சொற்கள் போதும். 'பைத்' (வீடு) முழுவதும் சேரும். 'பாப்' (கதவு) அலிஃபில் அறுந்து, கடைசி பா தனியாக நிற்கும். 'வர்த்' (ரோஜா) என்பதில் மூன்றும் தனித்தனி. இதைப் பார்த்ததும் பிள்ளைகள் சிரிப்பார்கள், ஆனால் விதி மறக்காது.

அப்புறம், புள்ளி. 'பைத்'தில் பா, யா இரண்டும் ஒரே மாதிரிச் சிறு பல்தான். கீழே ஒரு புள்ளியா இரண்டா என்பதே வித்தியாசம். சொல்லின் உடலை வலமிருந்து இடமாக ஒரே இழுப்பில் எழுதி முடித்த பிறகே புள்ளி வைக்கச் சொல்லுங்கள். நடுவில் பென்சிலைத் தூக்கினால் கோடு உடைந்துவிடும்.

ஐன், ஹா இரண்டும் நடுவில் வரும்போது ஆளே மாறிவிடும். அவற்றை இப்போது தொட வேண்டாம்.

கோடு போட்ட நோட்டு, பென்சில் கொண்டுவரச் சொல்லிவிடுங்கள்.