கப்பலுக்குக் கொண்டுபோகும் ஒயின் பாட்டிலும் சில மரியாதைகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து மொசாம்பிக் கடற்கரைக்குச் செல்லும் சொகுசுக் கப்பல் பயணத்தைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை எங்கள் வீட்டில் எல்லோரும் விரும்பிப் படித்தோம். ஆனால் செலவைச் சுருக்கும் வழிகளைக் கூறும் பகுதியில், வாய் கொப்பளிக்கும் மருந்து பாட்டிலைக் கழுவி அதில் சாயம் கலந்த வோட்காவை நிரப்பிக்கொள்ளலாம் என்றும், ஒயினைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றித் துணிகளுக்கு நடுவே சுருட்டி வைக்கலாம் என்றும் கட்டுரையாளர் எழுதியிருப்பதைத் தாங்கள் எப்படி அனுமதித்தீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. கப்பலுக்குச் சொந்த ஒயினைக் கொண்டுபோவதில் தவறொன்றும் இல்லை. அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. அந்த முறையை விட்டுவிட்டு ஒளித்துக் கொண்டுபோகும் வித்தையைக் கற்றுக்கொடுத்ததுதான் என் மனக்குறை.

விதி கப்பலுக்குக் கப்பல் வேறுபடும் என்பதையே கட்டுரை சொல்லவில்லை. இங்கிருந்து ஆண்டுதோறும் கோடைப் பருவத்தில் புறப்படும் எம்எஸ்சி கப்பல்களில் பயணிகள் வெளியிலிருந்து மதுவைக் கொண்டுவர அனுமதி இல்லை. வழியில் துறைமுகக் கடைகளில் வாங்கினாலும் வாயிலிலேயே பெற்று வைத்துக்கொண்டு பயணம் முடியும்போதுதான் திருப்பித் தருகிறார்கள். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் நம்மவர்கள் ஏறும் கார்னிவல், ராயல் கரீபியன் கப்பல்களில், குடிக்கும் வயதை எட்டிய ஒவ்வொருவரும் ஏறும் நாளன்று மட்டும் 750 மில்லிலிட்டர் ஒயின் பாட்டில் ஒன்றை, மூடி திறக்காததாக, கொண்டுவரலாம். அந்த வயது இங்கே 18, அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து புறப்படும் கப்பல்களில் 21. நார்வீஜியன் நிறுவனமோ எத்தனை ஒயின் பாட்டில்களானாலும் கொண்டுவாருங்கள், ஒவ்வொன்றுக்கும் திறப்புக் கட்டணம் செலுத்துங்கள் என்கிறது. பீருக்கும் விஸ்கி, பிராந்தி வகைகளுக்கும் இந்த மூன்றிலும் இடமில்லை. விதிகள் அவ்வப்போது மாறக்கூடியவை ஆதலால், டிக்கெட்டோடு வரும் நிபந்தனைகளைப் படித்துவிட்டுப் பெட்டி கட்டுவதே வழி.

பாதுகாப்புக்காகத்தான் இந்தத் தடை என்று நிறுவனங்கள் சொல்வதை நான் முழுவதும் நம்பவில்லை. டிக்கெட் விலையைக் குறைத்து வைத்து, கப்பலுக்குள் விற்கும் மதுவிலும் சூதாட்ட மேசையிலும் கரைச் சுற்றுலாவிலும் லாபம் பார்ப்பது இந்தத் தொழிலின் வழக்கம். ஆனால் அந்த மலிவான டிக்கெட்டை வாங்கிக்கொண்டு ஏறியவர்கள், அதன் மறுபாதியை மட்டும் ஏற்கமாட்டோம் என்பது எந்த நியாயத்தில் சேரும்? டர்பன் கிரே தெருப் பக்கத்து முஸ்லிம் உணவகங்களில் மது கிடையாது. நம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே போய்ப் பிரியாணி சாப்பிடுகின்றன. மேசைக்கடியில் பாட்டில் வைத்துக் குடித்துவிட்டு வந்ததாக யாரும் பெருமை பேசிக்கொண்டதில்லை. வேறு உணவகங்களில் சொந்த ஒயினைக் கொண்டுபோய்த் திறப்புக் கட்டணம் கொடுத்துக் குடிக்கும் பழக்கமும் இந்த நாட்டில் நன்றாக வேரூன்றியிருக்கிறது. இரண்டு இடத்திலும் ஒழுங்காக நடந்துகொள்ளத் தெரிந்த நமக்குக் கப்பலில் ஏறியதும் மட்டும் ஏன் கை துறுதுறுக்கிறது என்பது எனக்குப் புரியாத புதிர்.

ஒளித்துக் கொண்டுபோவதால் யாருக்கு நஷ்டம் என்று கேட்பவர்கள் 2015ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கவேண்டும். தண்ணீர் பாட்டில்களில் நிறமற்ற மதுவை நிரப்பி, மூடியை மறுபடி ஒட்டி, கடையில் வாங்கியதுபோலக் கொண்டுவந்தவர்கள் பெருகியதால், கார்னிவல் நிறுவனம் அந்த ஆண்டு பயணிகள் பாட்டிலில் தண்ணீரோ குளிர்பானமோ கொண்டுவருவதையே நிறுத்திவிட்டது. மதுவைத் தொட்டறியாத பாட்டியம்மாவும் தம் தண்ணீர் பாட்டில்களைக் கரையில் விட்டுவிட்டு ஏறவேண்டியதாயிற்று.

அதைவிட என்னை உறுத்துவது பணியாளர்களுக்கு நேரும் சங்கடம். ஒரு பயணத்தில் எங்களுக்கு அடுத்த மேசையில் நம்மவர் குடும்பம் ஒன்று இருந்தது. பெரியவர் ஒருவர் காலுக்கடியில் வைத்திருந்த பையிலிருந்து சிவப்பு ஒயினை எடுத்துத் தண்ணீர்க் கிளாஸ்களில் ஊற்றிக்கொண்டிருந்தார். பரிமாறிய இளைஞர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். முதல் நாளே நம் தமிழைக் கேட்டு முகம் மலர்ந்து பேசியவர். அவர் குனிந்து, “ஐயா, மன்னிச்சுக்குங்க, இங்க இது கூடாது. சூப்பர்வைசர் பார்த்தா என்னைத்தான் கேப்பாரு” என்றார். “நீ நம்ம பிள்ளைதானே தம்பி, பார்க்காத மாதிரி போயிடேன்” என்று பெரியவர் அவர் கையைத் தட்டிக்கொடுத்தார். மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த இளைஞர் கதவுப் பக்கம் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, கறை படிந்த கிளாஸ்களைத் தட்டில் அடுக்கி, மேலே துண்டைப் போட்டு மூடி எடுத்துக்கொண்டு போனார். மாதக்கணக்கில் ஒப்பந்தத்தில் வேலை பார்த்து வீட்டுக்குப் பணம் அனுப்பும் ஒருவரிடம், ஊர்ப்பாசத்தைக் காட்டி வேலையைப் பணயம் வைக்கச் சொல்வதை உறவு என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

இனி, அனுமதி உள்ள கப்பல்களுக்கு வருகிறேன். நம் நாட்டின் கேப் பகுதியில் ஒயின் பிறந்ததே கப்பல்களை முன்னிட்டுத்தான்: டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மாலுமிகளுக்காக, கேப் குடியேற்றத்தின் தலைவர் யான் வான் ரீபேக் 1655இல் திராட்சைக் கொடிகளை நடுவித்து, 1659 பிப்ரவரி 2ஆம் தேதி முதல் ஒயின் பிழியப்பட்டதை நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். பின்னாளில் கேப்பின் கான்ஸ்டான்ஷியா தோட்டத்து இனிப்பு ஒயின் செயின்ட் ஹெலினா தீவில் சிறையிருந்த நெப்போலியனுக்கும் கப்பலில் போயிற்று. ஆகவே நம் நாட்டு பாட்டிலைப் பெருமையுடன் எடுத்துப் போகலாம். ஆனால் போகிற பாட்டில் அந்தப் பெருமைக்குத் தகுந்ததாக இருக்கவேண்டும். கப்பலின் பட்டியலிலேயே உள்ள ஒயினைப் பக்கத்து பாட்டில் ஸ்டோரில் மலிவாக வாங்கிப் போய் அவர்கள் மேசையில் வைப்பது, விருந்துக்குப் போன வீட்டில் நம் சோற்றுப் பொட்டலத்தை அவிழ்ப்பதைப் போன்றது. பட்டியலில் இல்லாதது, அல்லது மணநாளுக்கென்று பல வருடம் பாதுகாத்தது என்றால் அதற்கு ஒரு பொருள் உண்டு. 1925இல் திராட்சை ஆய்வாளர் ஆபிரகாம் பெரோல்ட் பீனோ நுவார், சின்ஸோ என்ற திராட்சை வகைகளை இணைத்து உருவாக்கிய பினோடாஜ் திராட்சையின் நல்ல ஒயின் ஒன்றை வெளிநாட்டுக் கப்பலில் உடன் உண்பவர்களுக்கு அறிமுகம் செய்வது எனக்கு எப்போதும் பிடித்த காரியம். ஐந்து லிட்டர் பெட்டி ஒயினைத் தயவுசெய்து வீட்டு முற்றத்தில் இறைச்சி சுடும் பிராய் விருந்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டிலைக் கைப்பையில் வையுங்கள். கூலியாளிடம் கொடுக்கும் பெட்டியில் வைத்தால் எக்ஸ்ரேயில் தெரிந்து, பெட்டி கேபினுக்கு வராமல் பாதுகாப்பு அறையில் நின்றுவிடக்கூடும். வயதான சிவப்பு ஒயின் என்றால் பயண அலைச்சலில் வண்டல் கலங்கியிருக்கும். கேபினில் ஓரிரு நாள் நிமிர்த்தி வைத்துத் தெளியவிடவேண்டும். இரவு உணவுக்குக் கொண்டுபோகப்போகிறோம் என்பதைப் பரிமாறுபவரிடம் முன்னதாகவே சொல்லிவிடுவது நல்லது. திறப்புக் கட்டணம் பல கப்பல்களில் 15 டாலரை ஒட்டியிருக்கும். திருகு மூடிதானே, நானே திறந்துகொள்கிறேன், எதற்குப் பணம் என்று வாதிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கிளாஸுக்கும் பனிக்கட்டி வாளிக்கும் ஊற்றித் தருபவரின் உழைப்புக்கும் அவர்கள் இழந்த விற்பனைக்கும் சேர்த்துத்தான் அந்தத் தொகை. மிச்சம் வைத்தால் பாட்டிலில் கேபின் எண்ணை எழுதி ஒட்டி மறுநாளுக்குப் பத்திரப்படுத்தியும் தருகிறார்கள். நல்ல பாட்டிலைத் திறந்து தருபவருக்கு ஒரு வாய் கொடுப்பது கேப் டவுன் உணவகங்களில் அழகான வழக்கம். கப்பலில் பணியிலிருப்பவர் குடிக்கக்கூடாது என்பதால் அங்கே வற்புறுத்தாமல், கையில் டிப்ஸ் கொடுத்துவிடுவதே மரியாதை.

கேபினிலேயே திறந்து குடித்தால் பல நிறுவனங்கள் கட்டணம் கேட்பதில்லை. அங்கே ஊற்றிய ஒற்றைக் கிளாஸைக் கையில் பிடித்தபடி உணவுக்கூடத்துக்கு வருபவரைப் பெரும்பாலும் யாரும் தடுப்பதில்லை. நானும் குறை சொல்லமாட்டேன். பாட்டில் முழுவதையும் கூஜாவில் மாற்றி, எட்டுப் பேருக்கும் அதிலிருந்து ஊற்றுவது வேறு விஷயம்.

நம் குடும்ப மேசைக்கென்று தனியாகச் சில மரியாதைகள் உண்டு. இங்கே தை மாதம் கோடைதான் ஆதலால், கப்பல் பருவத்துக்குள்ளேயே தைப்பூசக் காவடியும், சில ஆண்டுகளில் சித்ரா பௌர்ணமியை ஒட்டிய சித்ராபருவக் காவடியும் வந்துவிடுகின்றன. நோன்பு தொடங்கிய மாமாவின் மேசையில் பாட்டிலை நடுநாயகமாக வைத்து, “ஒரு சொட்டு குடித்தால் முருகன் கோபித்துக்கொள்வாரா?” என்று சீண்டுவது வேடிக்கையாகச் சிலருக்குத் தோன்றுகிறது. எனக்கு அது அருவருப்பாக இருக்கிறது. குடிப்பவர்கள் வேறு மேசை கேட்டு வாங்கிக்கொள்ளலாம், அல்லது அன்றைக்கு மட்டும் பாட்டிலைக் கேபினில் விட்டு வரலாம். கேட்காமல் யார் கிளாஸிலும் ஊற்றக்கூடாது. வேண்டாம் என்றவரிடம் காரணம் கேட்கவும் கூடாது. அதேபோல, மருமகள் ஒரு கிளாஸ் எடுத்துக்கொண்டால் மட்டும் முகத்தைச் சுளித்து, மகன் நான்காவது கிளாஸை நிரப்பும்போது ஜன்னல் வழியே கடலைப் பார்க்கும் பெரியவர்களும் தங்கள் நடத்தையைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

கரையிறங்கும் இடங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாபுட்டோவுக்கு எதிரே இருக்கும் போர்ச்சுகீசியத் தீவில் வெறுங்காலுடன் குழந்தைகள் ஓடுகிறார்கள். அங்கே கண்ணாடி பாட்டிலை எடுத்துப்போகவே கூடாது. மாபுட்டோவில் டிப்போ டிந்தோ ரம் வாங்குபவர்கள், அது கப்பல் வாயிலில் வாங்கி வைக்கப்படும் என்பதை அறிந்தே வாங்கவேண்டும். ரசீதை மட்டும் தொலைக்காமல் வைத்துக்கொண்டால் கடைசியில் வரிசையில் நின்று சண்டை போடவேண்டியிருக்காது. டர்பனில் இறங்கும்போது 18 வயது நிறைந்த ஒருவர் சுங்க வரியின்றிக் கொண்டுவரக்கூடியது 2 லிட்டர் ஒயினும் 1 லிட்டர் பிற மதுவகையும்.

அடுத்த கோடைப் பருவத்துக்கான முன்பதிவுகள் எங்கள் சாட்ஸ்வர்த்தில் இப்போதே தொடங்கிவிட்டன. அதற்குள் ஒவ்வொரு நிறுவனத்தின் மது விதியையும் அந்தந்த நிறுவனத்திடமே கேட்டு உறுதி செய்து, ஒரு பத்தியாகவேனும் வெளியிட வேண்டுகிறேன். மருந்து பாட்டில் யோசனையைத் திரும்பப் பெறுவதாக ஒரு வரியும் அதனுடன் சேர்ந்தால் நன்று.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வர்த், டர்பன்