நேரு பிளேஸில் கிடைக்காத 22ஆம் பிளாப்பி

மயூர் விஹார், தில்லி
ஜூன்

அன்புள்ள சுமி,

இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. லதா மாமி வெள்ளிக்கிழமை தவறாமல் மலை மந்திர் போகிறாள், ஒவ்வொரு முறையும் உன்னைக் கேட்கிறாள். வெயிலைப் பற்றி எழுதினால் காகிதம் தீய்ந்துவிடும், விடு.

விஷயத்துக்கு வருகிறேன். நாம் சின்ன வயதில் கம்ப்யூட்டரில் ஆடின மங்க்கி ஐலண்ட் என்கிற கொள்ளையர் சாகச ஆட்டத்தைப் பற்றிப் போன மாதம் போனில் ஒன்று சொன்னாய். "மங்க்கி ஐலண்டா? அதெல்லாம் சும்மா பழைய பாசம்டி. இன்னிக்கு ஒரு பையன் கையில குடுத்தா அஞ்சு நிமிஷத்துல தூக்கிப் போட்டுடுவான்." அன்றைக்கு உன் வீட்டில் யாரோ வந்துவிட்டார்கள், சட்டென்று வைத்துவிட்டாய். சண்டை பாக்கி இருக்கிறது. இப்போது சாட்சியோடு வந்திருக்கிறேன்.

சாட்சி ஆதிதான். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து வீட்டில் போனும் கையுமாகக் கிடந்தான். என் லேப்டாப்பில் பழைய ஆட்டங்களை ஓட்டுகிற ஸ்கம்விஎம் மென்பொருளைப் போட்டு முதல் ஆட்டத்தைத் திறந்து வைத்தேன். பார், பிடித்தால் ஆடு, இல்லாவிட்டால் மூடிவிடு என்று மட்டும் சொன்னேன். நம் கதை எதையும் சொல்லவில்லை. முரளி அண்ணாவின் கம்ப்யூட்டர், சவுண்ட் கார்டு இல்லாமல் அது கீச்கீச்சென்று பாடிய பாட்டு, கோடை மத்தியானம், ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸின் சிமெண்ட் தரை எல்லாம் நமக்குத்தான். அவனுக்கு எந்தப் பாசமும் கிடையாது.

அவன் கேட்ட முதல் கேள்வி: "இதுல எத்தனை லைஃப்மா?"

லைஃப் என்று ஒன்றே கிடையாது என்றேன். நம்பவில்லை. குரங்குத் தீவின் மலை உச்சிக்குப் போனதும் விளிம்பு உடைந்து ஆட்டத்தின் நாயகன் கைப்ரஷ் கீழே விழுந்தான். திரையில் சியர்ரா கம்பெனியின் பழைய ஆட்டங்களில் வருவதைப் போலவே ஒரு பெட்டி வந்து, செத்துவிட்டாய், மறுபடி தொடங்கு என்றது. "பார்த்தியா, பொய் சொன்னே!" என்று ஆதி என் பக்கம் திரும்பினான். அதற்குள் கைப்ரஷ் கீழேயிருந்து எம்பி மேலே வந்து நின்று, ரப்பர் மரம் என்றான். பையன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான், சுமி. 1990இல் எழுதின நகைச்சுவைக்கு, அந்த சியர்ரா ஆட்டங்களைக் கண்ணால்கூடப் பார்க்காத பிள்ளை எழுந்து நின்று சிரிக்கிறான். இதில் பாசம் எங்கே வந்தது?

அந்தக் காலத்து சாகச ஆட்டங்கள் எப்படி இருந்தன என்று உனக்கு நினைவிருக்கும். கதவைத் திறந்தால் சாவு, படியில் இறங்கினால் சாவு. முன்னே எடுக்காமல் விட்ட ஒரு பொருளுக்காக முதலிலிருந்து எல்லாவற்றையும் ஆட வேண்டும். மங்க்கி ஐலண்டை உருவாக்கின ரான் கில்பர்ட்டுக்கு அது பொறுக்கவில்லை. 1989இலேயே இந்தவகை ஆட்டங்கள் ஏன் மோசமாக இருக்கின்றன என்று ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ஆடுபவரைக் கொன்று பாடம் கற்பிக்காதே, மாட்டிவிட்டு வேடிக்கை பார்க்காதே என்பதுதான் சாரம். மறு வருடமே டிம் ஷேஃபர், டேவ் கிராஸ்மன் இருவரையும் சேர்த்துக்கொண்டு அதைச் செய்தும் காட்டினார். உனக்கு அது வெறும் சிரிப்பாகத் தெரிகிறது. எனக்கு அது மரியாதையாகத் தெரிகிறது. முட்டாள்தனமாக எதையும் முயன்று பார், நான் உன்னைத் தண்டிக்க மாட்டேன் என்று ஓர் ஆட்டம் சொன்னால் மூளை எப்படித் திறந்துகொள்கிறது என்பதை ஆதியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

தண்ணீருக்கடியில் இருக்கும் கட்டம்! சிலையோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிக் கடலில் தள்ளிவிடுகிறார்களே, அதுதான். சுற்றிலும் கத்தி, வாள், கயிறு அறுக்கத் தோதான எல்லாம் கிடக்கிறது. எதுவுமே ஒரு சாண் தூரத்தில் கைக்கு எட்டாது. ஆதி ஒவ்வொன்றாக முயன்றான். கையில் இருந்த பொருளையெல்லாம் கயிற்றில் தேய்த்துப் பார்த்தான். கைப்ரஷ் பத்து நிமிடம் மூச்சடக்குவான் என்று தெரிந்ததும், அதையும் சோதிக்கிறேன் என்று மௌஸைத் தொடாமல் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பத்து நிமிடம் ஆனதும் கைப்ரஷ் பயல் நிஜமாகவே செத்து மிதந்துவிட்டான். கீழே 'எடு', 'கொடு', 'பேசு' என்றிருந்த சொற்கள் எல்லாம் மாறி மிதப்பது, அழுகுவது, குறிப்புப் புத்தகத்துக்கு ஆர்டர் கொடுப்பது என்று ஆகிவிட்டன. நாம் இதைப் பார்த்ததே இல்லை! நமக்கு அவ்வளவு நேரம் சும்மா உட்காரப் பொறுமை எங்கே இருந்தது?

மறுபடி தண்ணீரில் இறங்கினான். கத்தியையெல்லாம் விட்டுவிட்டு, கட்டியிருக்கிற சிலையையே 'எடு' என்று அழுத்தினான். கைப்ரஷ் அதைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறி வந்துவிட்டான். ஆதி ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "இவ்ளோதானா!" என்று கத்தினான்.

நான் உனக்குச் சொல்ல வந்ததே இதுதான் சுமி. இந்த ஆட்டத்தில் நகைச்சுவை மேலே தூவின கொத்தமல்லி இல்லை. நகைச்சுவையேதான் பூட்டு, அதுவேதான் சாவி. சிரிப்பு புரியாவிட்டால் அடுத்த கட்டம் கிடையாது. சர்க்கஸில் பீரங்கிக்குள் போக ஹெல்மெட் கேட்டால் சமையல் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொள்கிறான், 478 காசு கூலி வாங்குகிறான். கிராக் சாராயம் கோப்பையையே கரைத்துவிடுகிறது என்று ஸ்கம் பாரில் ஒருவன் போகிறபோக்கில் சொல்வது நமக்கு வெறும் ஜோக். அடுத்து ஜெயில் பூட்டைக் கரைக்க அதே சாராயத்தைக் கோப்பை கோப்பையாக மாற்றி மாற்றி, கரைவதற்குள் ஊற்றி ஊற்றி, ஓட்டமாக ஓட வேண்டியிருக்கிறது. ஆதி அந்த ஓட்டத்தில் எத்தனையோ கோப்பை கரைத்தான். ஒருமுறைகூட எரிச்சல்படவில்லை.

வாள் சண்டையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதே இல்லை, நீதான் அதில் ராணி. வாள் வீச்சுக்கு மதிப்பில்லை, திட்டுக்கும் பதில் திட்டுக்கும்தான் மதிப்பு. அப்படியே எசப்பாட்டு. வழியில் வருகிற கொள்ளையர்களிடம் தோற்றுத் தோற்றுத்தான் வசவுகளைச் சேர்க்க முடியும். கடைசியில் வாள் வீராங்கனை கார்லாவிடம் போனால் அவள் வேறு வசவுகளை எடுத்து விடுகிறாள். கையில் இருக்கும் பழைய பதில்களில் எது பொருந்தும் என்று யோசித்துப் போட வேண்டும். மனப்பாடம் செய்தவனுக்கு அங்கே வேலையில்லை. ஆதிக்கு இது எவ்வளவு நல்லது தெரியுமா! வருடம் முழுக்கக் கேள்வியும் பதிலும் ஒட்டியே அச்சடித்த கைடைப் படித்துவிட்டு வந்த பையன் அவன்.

அவனுக்குப் பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒருதலைப்பட்சம் என்பாய். காட்டில் கடைக்காரர் பின்னாலேயே ஒளிந்து ஒளிந்து போக வேண்டும் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை, சுற்றிச் சுற்றி வந்தான். குரங்குத் தீவில் நடப்பதற்கே நேரம் போகிறது, அந்தப் பகுதி இழுக்கிறது என்றான். அதில் எனக்கும் சண்டை இல்லை. முதல் தீவான மெலீயின் அடர்த்தி இரண்டாவதில் கிடையாது.

காட்டில் அந்த மரக்கட்டையையும் பார்த்தான். 22ஆம் பிளாப்பியைப் போடு என்று, இல்லவே இல்லாத ஒரு டிஸ்கைக் கேட்டு வரவே, என்னைப் பார்த்தான். நான் வாயே திறக்கவில்லை. உன் அண்ணன் நேரு பிளேஸில் கடை கடையாக ஏறி, "செட்ல 22 மிஸ்ஸிங், தனியா கிடைக்குமா?" என்று கேட்டதையும், ஒரு கடைக்காரர் நாளைக்கு வா, வரவழைத்துத் தருகிறேன் என்றதையும் எப்படி அடக்கினேன் என்று எனக்கே தெரியவில்லை. பிற்பாடு வந்த சிடி பதிப்பில் அந்த ஜோக்கையே எடுத்துவிட்டார்கள். ஆட்டம் பிறந்த நாட்டிலும் பல முரளி அண்ணாக்கள் இருந்திருக்கிறார்கள்.

அவரிடம் போன வாரம் பேசினேன். ஆதியே போன் போட்டான். ஜெராக்ஸ் எடுத்து வெட்டி நடுவில் குண்டூசி குத்தின அந்தக் கொள்ளையர் முகச் சக்கரம், ஆட்டத்தைத் திறப்பதற்காக மேல்முகமும் கீழ்முகமும் பொருத்தி அவன் எந்த வருடம் தூக்கில் தொங்கினான் என்று கண்டுபிடிப்போமே, அது இன்னும் அவரிடம் பத்திரமாக இருக்கிறதாம். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டார், அப்புறம் பேச்சை மாற்றினார். வீட்டுப் பங்கு விவகாரத்தில் யார் பக்கம் நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை, எனக்கு அதில் வேலையும் இல்லை. ஆனால் அவர் குரல் நன்றாக இல்லை, சுமி. நீயே ஒரு தரம் போன் செய். முதலில் யார் செய்வது என்று பார்க்காதே.

சரி, எலேன். இதை எழுதத்தான் இத்தனை நேரம் காத்திருக்கிறேன். நாம் இரண்டு பேரும் ஏன் அந்த ஆட்டத்தில் விழுந்தோம் என்று யோசித்துப் பார்த்தேன். கவர்னர் எலேன் மார்லிதான் காரணம். நம் வயதில் பார்த்த எல்லாக் கதையிலும் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போவார்கள், அவள் அழுவாள், இவன் வருவான். இங்கே பேய்க் கொள்ளையன் லெச்சக் கல்யாணத்துக்கு நிற்கிறான், கைப்ரஷ் வீராவேசமாகச் சர்ச்சுக்குள் பாய்கிறான். பார்த்தால் மணப்பெண் உடைக்குள் இருப்பது குரங்குகள். எலேன் எப்போதோ தப்பித்து மேலேயிருந்து இறங்குகிறாள், அவள் போட்டிருந்த திட்டத்தையும் இவன் வந்து கெடுத்துவிட்டான்! நீ அன்றைக்குக் கட்டிலில் ஏறி நின்று கைதட்டினாய். அடுத்த அறையிலிருந்து உன் அம்மா என்ன சத்தம் என்று ஓடி வந்தார்.

அதனால்தான் 1997இல் வந்த மூன்றாவது ஆட்டத்தின் மேல் எனக்குக் கோபம். படம் அழகு, டொமினிக் அர்மாட்டோவின் குரல் கைப்ரஷுக்கென்றே பிறந்த குரல், ஒப்புக்கொள்கிறேன். உன் கட்சி அதுதான் என்றும் தெரியும். ஆனால் ஆரம்பத்திலேயே சாபமிட்ட மோதிரத்தைப் போட்டு எலேனைத் தங்கச் சிலையாக்கி நிறுத்திவிட்டார்கள். தப்பிக்க யார் உதவியும் தேவைப்படாதவளை ஆட்டத்தின் பெரும்பகுதிக்கும் பொம்மையாக நிற்க வைத்தது எனக்கு இன்றுவரை ஆறவில்லை. கில்பர்ட் அதற்கு முன்பே அந்த நிறுவனத்தை விட்டுப் போயிருந்தார், அந்த ஆட்டத்தில் அவர் கை கிடையாது.

ஆகவேதான் 2022இல் வந்த 'ரிட்டர்ன் டு மங்க்கி ஐலண்ட்' நீ ஆட வேண்டும். கில்பர்ட்டும் கிராஸ்மனும் மறுபடி சேர்ந்து செய்தது. இரண்டாவது ஆட்டம், எல்லாரும் இன்னமும் அடித்துக்கொள்கிற அந்த முடிவில் நின்றதே, அங்கிருந்தே பிடித்துத் தொடங்குகிறது. "படத்தைப் பார்த்தேன், காகிதப் பொம்மை மாதிரி இருக்கு, நான் தொட மாட்டேன்" என்றாய். நீ ஒருத்தி மட்டும் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். வெளிவருவதற்கு முன்பே அந்தப் படங்களுக்காகக் கில்பர்ட்டைத் தனிப்பட்ட முறையில் அசிங்கமாகத் தாக்கினார்கள், சுமி. இனி இதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை என்று அவர் வாயை மூடிக்கொள்ளும் அளவுக்குப் போனது. நமக்கு இத்தனை சந்தோஷம் கொடுத்தவரை இப்படி நடத்தலாமா? வெறும் 16 நிறத்தில் மார்க் ஃபெராரி வரைந்த மெலீ தீவின் இரவைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி புள்ளியாக வைத்தவள் நீ. இருந்த வசதிக்குள் ஓர் ஓவியர் என்ன செய்கிறார் என்று பார்க்கத் தெரிந்தவள். புது ஆட்டத்தில் ரெக்ஸ் க்ரோல் வரைந்த இந்தத் தீவுகளை ஒரு மணி நேரம் நகரவிட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். நின்ற படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதே.

அதில் கைப்ரஷ் தன் மகனுக்குக் கதை சொல்கிறான். எலேன் ஊர் ஊராக எலுமிச்சம்பழம் கொடுத்து ஸ்கர்வி நோயைத் துரத்திக்கொண்டிருக்கிறாள், அதாவது அவளுக்கென்று ஒரு வேலை இருக்கிறது. குரங்குத் தீவின் ரகசியத்தைத் தேடுகிற வெறியில் கணவன் யார் யாருக்கு என்ன செய்துவிட்டு வந்தான் என்று அவளுக்குத் தெரியவரும் ஓர் இடம் உண்டு. அங்கே நான் மௌஸை விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். முடிவைச் சொல்ல மாட்டேன். பலருக்குப் பிடிக்கவில்லை, எனக்குப் பிடித்தது, உனக்கு என்ன தோன்றும் என்று தெரிந்தே ஆக வேண்டும்.

ஆட்டத்துக்குள்ளேயே குறிப்புப் புத்தகம் ஒன்று கையில் கொடுத்துவிடுகிறார்கள், மாட்டிக்கொண்டால் அதைத் திற. இணையத்தில் விடை தேடாதே, ஒரேயடியாக எல்லாம் தெரிந்துவிடும். பூரணியையும் பக்கத்தில் உட்கார வை, அவளுக்கு இந்த வயதுதான் சரி. ஆரம்பிக்கும்போது கஷ்டமான முறையையே தேர்ந்தெடு, சுலபமானதில் பாதிப் புதிரை வெட்டிவிடுகிறார்கள்.

நவம்பரில் வைஷு கல்யாணத்துக்குக் கோயம்புத்தூர் வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. அதற்குள் முடித்து வை. ஆதியும் வருகிறான், கார்லாவின் வசவுகள் எல்லாம் அவனுக்கு இப்போது அத்துப்படி, உன்னோடு மோதியே தீருவேன் என்கிறான். அத்தைக்கு என் நமஸ்காரம்.

உன்
வசு