பிலிப்பைன்ஸ் கதையின் 'மனோங்' என்பதைத் தமிழில் அண்ணன் என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளியான ஆசியச் சிறுகதைகள் பற்றிய கட்டுரையில் பிலிப்பைன்ஸ் நாட்டுக்கு ஒரே ஒரு பத்தி ஒதுக்கப்பட்டிருந்தது. அந்தப் பத்தியும், அந்நாட்டின் முன்னோடிக் கதாசிரியர்கள் தங்களை ஆண்டவர்களின் மொழியான ஆங்கிலத்தில் எழுதியதால் அவர்களுடைய கதைகளில் மண்வாசனை இல்லை என்ற தீர்ப்போடு முடிந்துவிட்டது. கட்டுரையாளரின் மற்றக் கருத்துகளில் எனக்குப் பெரிய மாறுபாடு இல்லை. இந்தத் தீர்ப்பை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நான் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்றவன். சரக்குக் கப்பலில் பணியாற்றும் என் மகன், உடன் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் நண்பர் கொடுத்ததாகச் சொல்லி, அவர்கள் பள்ளியில் படித்த கதைகளின் தொகுப்பு ஒன்றை ஒரு விடுமுறையின்போது கொண்டுவந்தான். அட்டை கிழிந்த புத்தகம். ஓரங்களில் ஏதோ ஒரு மாணவரின் பென்சில் குறிப்புகள் வேறு. பொழுதுபோக்காகத்தான் படிக்கத் தொடங்கினேன். இப்போது மூன்றாவது முறை படித்து முடித்திருக்கிறேன்.

முதலில் காலக்கணக்கைப் பார்க்க வேண்டும். ஸ்பெயினிடமிருந்து 1898-ஆம் ஆண்டு பாரிஸ் உடன்படிக்கையின்படி இரண்டு கோடி டாலருக்கு அமெரிக்கா அந்தத் தீவுகளை வாங்கியது. 1901 ஆகஸ்டில் 'தாமஸ்' என்ற கப்பலில் சுமார் 500 அமெரிக்க ஆசிரியர்கள் மணிலாவில் வந்து இறங்கினார்கள். அந்நாட்டின் முதல் தேர்ந்த ஆங்கிலச் சிறுகதை என்று விமர்சகர்கள் குறிப்பிடும் 'இறந்த விண்மீன்கள்' வெளிவந்த ஆண்டு 1925. அதை எழுதிய பாஸ் மார்க்கெஸ் பெனிதெஸுக்கு அந்தக் கப்பல் வந்தபோது வயது ஏழுதான். பள்ளிக்கூடம் புகுத்திய ஒரு மொழியில், ஒரே தலைமுறைக்குள், பிறகு வந்தவர்கள் அளவுகோலாக வைத்துக்கொண்ட ஒரு கதையை அவரால் எழுத முடிந்திருக்கிறது. உண்மையைச் சொன்னால் அந்தக் கதையின் நடை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. வாக்கியங்கள் பட்டுச்சேலையின் கனத்தோடு நகர்கின்றன. ஆனால் நிச்சயிக்கப்பட்ட பெண்ணையே மணந்துகொண்ட ஒருவன், மனத்தில் வைத்திருந்த இன்னொருத்தியை எட்டு ஆண்டுகள் கழித்துத் தேடிச் சென்று பார்க்கும்போது, அவள் அப்படியே இருக்கிறாள், தன் மனத்தில்தான் ஒன்றும் இல்லை என்று உணரும் கடைசிப் பக்கம், மாணவர்களின் பாடப்புத்தகத்தில் மட்டும் கிடக்க வேண்டியது அன்று.

கட்டுரையாளருக்கு நான் முன்வைக்க விரும்பும் சான்று மனுவேல் அர்கில்யா. 1911-இல் லா யூனியன் மாகாணத்தில் பாவாங் அருகிலுள்ள நக்ரெப்கான் என்னும் சிற்றூரில் பிறந்தவர்; தாய்மொழி இலோகானோ; ஜப்பானிய ஆக்கிரமிப்பை எதிர்த்த மறைமுக இயக்கத்தில் ஈடுபட்டு 1944-இல் கொல்லப்பட்டவர். 'என் அண்ணன் லெயோன் மனைவியை அழைத்துவந்த கதை' என்று தமிழில் சொல்லத்தக்க அவரது கதையில், நகரத்தில் படித்த அண்ணன், தான் மணந்த மரியா என்ற நகரத்துப் பெண்ணை ஊருக்கு அழைத்து வருகிறான். தம்பி பால்டோ அவர்களை அழைத்துவர வண்டியோடு போகிறான். குதிரை வண்டி இருக்க, லபாங் என்ற காளை பூட்டிய கட்டை வண்டியில், பெரிய சாலையை விட்டு, வறண்டு கிடக்கும் வாயிக் ஆற்றுப்படுகை வழியாக இருட்டில் அழைத்து வரும்படி தகப்பனார் ஏற்பாடு செய்திருக்கிறார். அந்தப் பெண் இந்த ஊருக்குத் தாங்குவாளா என்று பார்க்கிறார், அவ்வளவுதான். ஆனால் கதையில் எந்த இடத்திலும் அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

வீடு வந்து சேர்ந்ததும் தகப்பனார் சின்னப் பையனைத் தனியே கேட்கிறார்: லபாங்கைக் கண்டு அவள் பயந்தாளா? அவள் அந்த நீண்ட வளைந்த கொம்புகளைக் கண்டு மிரண்டதும், அண்ணன் அவளை அணைத்துக்கொண்டதும் பையனுக்கு நினைவுக்கு வருகின்றன. இல்லை அப்பா, பயப்படவில்லை என்கிறான். வழியில் அவள் விண்மீன்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள் என்றும், அண்ணன் பாடினான், அவளும் கூடச் சேர்ந்து பாடினாள் என்றும் சொல்கிறான். ஒரு நாள்கூடப் பழகாத அண்ணன் மனைவிக்காகப் பையன் சொல்லும் அந்தச் சின்னப் பொய்யில்தான், அவள் அந்த வீட்டு மருமகளாகிறாள் என்பது என் வாசிப்பு. தகப்பனாரோ அவளை ஏற்றுக்கொண்டேன் என்று ஒரு சொல் சொல்வதில்லை. நம் ஊர்க் கிழவர்களில் எத்தனை பேர் சொல்வார்கள்?

தகப்பனாருக்குக் காலில் ஒரு பழைய காயம் உண்டு. அது ஸ்பெயினை எதிர்த்த புரட்சியில் பட்டது. புரட்சியில் காயம்பட்ட தலைமுறையின் கதையை, அமெரிக்கப் பள்ளியில் படித்த அடுத்த தலைமுறை ஆங்கிலத்தில் எழுதுகிறது. இந்த முரணைக் கட்டுரையாளர் சரியாகவே கண்டிருக்கிறார். அவர் கூற்றில் பாதி உண்மை இருக்கிறது என்று நானும் ஒப்புக்கொள்வேன். நக்ரெப்கானில் உழுது வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் தங்களைப் பற்றிய இந்தக் கதையைப் படித்திருக்க வழியில்லை. பொதுமக்கள் படித்தவை 1922-இல் தொடங்கப்பட்ட 'லிவைவை' போன்ற, தகலோக் மொழி வார இதழ்களில் வந்த கதைகள். அந்த மரபைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லாதது, ஆங்கிலக் கதைகளைக் குறைகூறியதைவிடப் பெரிய குறை.

ஆனாலும் அவர்கள் ஏன் ஆங்கிலத்தில் எழுதினார்கள் என்பதற்கு அடிமைப் புத்தி என்ற ஒரே விடை போதாது. இதே காலத்தில் இங்கே புதுமைப்பித்தனும் மணிக்கொடிக்காரர்களும் ஆங்கிலத்தில் உலகச் சிறுகதைகளைப் படித்துவிட்டுத் தமிழில் எழுதினார்கள். எழுதியதைப் படிக்கத் தமிழ்நாடு முழுவதும் ஒரே எழுத்துமொழி இருந்தது. அங்கே அர்கில்யாவின் மொழி இலோகானோ, எஸ்த்ரெல்யா அல்போன் என்ற பெண் எழுத்தாளரின் மொழி செபுவானோ, மணிலாவில் பேசப்படுவது தகலோக். தகலோகை அடிப்படையாகக் கொண்டு தேசிய மொழி அமையும் என்று அறிவிக்கப்பட்டதே 1937-ஆம் ஆண்டின் கடைசியில்தான். வடக்கே பிறந்தவனும் செபுத் தீவில் பிறந்தவளும் ஒரே பத்திரிகையில் அருகருகே எழுத வேண்டுமென்றால், அந்தத் தலைமுறைக்கு ஆங்கிலம்தான் கைக்கு எட்டியது.

மண்வாசனை இருக்கிறதா என்பதை, எழுதிய மொழியை வைத்தா முடிவு செய்வது? அர்கில்யாவின் ஆங்கில வாக்கியங்களை வாய்விட்டுப் படித்தால் அடியில் வேறொரு பேச்சின் ஓட்டம் கேட்கிறது. அவருடைய 'கோடை நடுவில்' கதையில், உச்சிவெயிலில் மாட்டுவண்டியோடு வரும் இளைஞனும் கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்க வந்த பெண்ணும் சந்திக்கிறார்கள். அவன் மனோங்; அவள் அடிங். இலோகானோவில் மனோங் என்றால் மூத்த சகோதரன், அடிங் என்றால் இளையவர். ஆனால் உறவில்லாத மூத்தவரையும் இளையவரையும் மரியாதையாகவும் அன்பாகவும் அழைக்கவும் இவையே சொற்கள். ஆங்கிலத்துக்கு இணை கிடைக்காததால் அவர் அவற்றை அப்படியே விட்டிருக்கிறார்.

இங்கேதான் தமிழில் பெயர்ப்பவருக்கு ஒரு கண்ணி இருக்கிறது. உறவுச் சொற்களில் நாம் ஆங்கிலத்தைவிடப் பணக்காரர்கள் என்ற நம்பிக்கையில் மனோங்கை அண்ணன் என்றும் அடிங்கைத் தங்கை என்றும் எழுதினால், கிணற்றடியில் மலரும் காதல் அந்த நொடியே செத்துவிடும். அத்தான் என்று எழுதலாமா என்றால், அவர்களுக்குள் முறை எதுவும் கிடையாது. அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்துக்கொள்கிறார்கள். ஆகவே அந்தக் கதையில் மனோங் மனோங்காகவே இருக்கட்டும். லெயோனின் கதையில் மட்டும் தாராளமாக அண்ணன் என்று எழுதலாம். மரியாவைப் பையன் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அழைப்பதுபோல மதினி என்றே அழைக்கலாம், ஒன்றும் கெட்டுவிடாது.

அந்தக் கதையிலேயே இன்னொரு சிறு சிக்கலும் உண்டு. மரியா கணவனை நோயெல் என்று அழைக்கிறாள். ஆங்கில எழுத்தில் லெயோனைத் திருப்பி எழுதினால் நோயெல். தமிழில் எழுத்துகளைத் திருப்பினால் இது வராது. ஒலிகளைத் திருப்பினால்தான் வரும். லியோன் என்று எழுதிவிட்டால் அதுவும் போய்விடும். பால்டோ ஒரு வரியில் ரசித்துவிட்டுப் போவதை நான் இரண்டு நாள் யோசித்தேன் என்பதை வெட்கமின்றிச் சொல்கிறேன்.

இந்தத் தொகுப்பில் எனக்கு மிக நெருக்கமாகிவிட்ட கதை பிரான்சிஸ்கோ ஆர்செல்யானாவின் 'பாய்கள்'. தெற்கே பணிநிமித்தம் சென்ற தகப்பனார், லோப்பெஸ் என்ற ஊரில் ஒரு நல்ல பாய் நெசவுக்காரரைக் கண்டு, வீட்டில் ஒவ்வொருவருக்கும் பெயர் போட்ட பாய் நெய்து வாங்கி வருகிறார். பிள்ளைகள் தத்தம் பாயை விரித்துப் பார்த்து மகிழ்கிறார்கள். பிறகும் மூன்று பாய்கள் அந்தக் கட்டுக்குள் மீதமிருக்கின்றன. அவை இறந்துபோன மூன்று குழந்தைகளுக்கானவை. தாயால் தாங்க முடியவில்லை. தகப்பனாரோ அவர்களை மறப்பது நியாயமா என்று கேட்டு ஒவ்வொன்றாக விரிக்கிறார்.

நான் அம்பாசமுத்திரத்தில் வசிப்பவன். பத்தமடை இங்கிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். தாமிரபரணிக் கரைக் கோரையில், மணமகன் மணமகள் பெயரை நெய்து கல்யாணப் பாய் செய்வது எங்கள் பகுதி வழக்கம். அப்படி ஒரு பாய் எங்கள் வீட்டுப் பரணிலும் இருக்கிறது. ஆர்செல்யானாவின் கதையிலும், புதிய பாய்கள் வருவதற்கு முன்பே அந்த வீட்டில் ஒரு கல்யாணப் பாய் இருக்கிறது. அதில் எமிலியா, ஹைமே என்று கணவன் மனைவி பெயர்கள் பொன்னிற எழுத்தில் நெய்யப்பட்டிருக்கின்றன. பெட்டியில் பத்திரமாக இருக்கும் அந்தப் பாயை, வீட்டில் யாருக்காவது நோய் வந்தால் மட்டும் எடுத்து விரித்து அதில் நோயாளியைப் படுக்கவைப்பார்கள். இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் வாசலில் போய் நின்றேன். கட்டுரையாளர் தேடிய மண் இதைவிட வேறு எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அது கோரை விளையும் மண் அன்று, அவ்வளவுதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகக் குறிப்பிட்டு விடுகிறேன். என்.வி.எம். கொன்சாலஸின் 'உப்பின் ரொட்டி'யில், விருந்துக்கு வயலின் வாசிக்கப் போன பதினான்கு வயதுப் பையன் பலகாரங்களைச் சட்டைக்குள் மறைப்பதை அவன் மனத்துக்குள் விரும்பும் பெண் பார்த்துவிடுகிறாள்; கொஞ்சம் பொறுத்தால் பெரிய பொட்டலமாகக் கட்டித் தருகிறேன் என்று அவள் கனிவோடு சொல்வது அடியைவிட வலிக்கிறது. கார்லோஸ் புலோசானின் நீதிமன்றக் கதையில், சமையலின் மணத்தை நுகர்ந்ததற்கு விலையாகக் காசின் ஓசையைக் கொடுக்கிறார்கள். இந்த வழக்கை நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டவர்கள் தங்கள் வாசகர்களில் பலர் இருப்பார்கள். ஹோசே கார்சியா வில்யாவின் புகழ் பெரிது. எனினும் அவருடைய கதைகள் என்னைப் பெரிதாகத் தொடவில்லை.

தங்கள் ஞாயிறு இணைப்பில் மொழிபெயர்ப்புக் கதைகளுக்கு ஒரு பக்கம் உண்டு. கட்டுரையாளரின் தீர்ப்பை வாசகர்களே சரிபார்க்கும்படி, உரிய அனுமதி பெற்று, இவற்றில் இரண்டொன்றையேனும் வெளியிட வேண்டுகிறேன். முதலில் 'பாய்கள்' வரட்டும். அந்தக் கல்யாணப் பாயில் இருவர் பெயரோடு 'ரெகுவெர்தோ' என்ற ஸ்பானியச் சொல்லும் நெய்யப்பட்டிருக்கிறது. நினைவு என்று பொருள். ஆர்செல்யானா அதை ஆங்கிலத்தில் மாற்றாமல் விட்டிருக்கிறார். தமிழாக்குபவரும் அதை மாற்றாமல் விட்டு, பொருளை அடுத்த வரியில் எங்காவது தெரியும்படி செய்தால் போதும் என்பது என் எண்ணம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
அம்பாசமுத்திரம்.