உமி அடுப்பும் ஹன்ஸ்லெட் எஞ்சினும்

லீட்ஸ், இங்கிலாந்து,
அக்டோபர், ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன். இரண்டு நிமிஷத்தில் அம்மா போனை வாங்கி, "சாப்பிட்டியா மக்களே, ஸ்வெட்டர் போட்டியா" என்று தொடங்கிவிடுகிறாள். அதனால் கடிதம்.

முதியோர் இல்லத்து வேலை பழகிவிட்டது. வாரம் நாலு நைட் ஷிஃப்ட். வெயிலைப் பார்த்துப் பத்து நாள் ஆகிறது. இங்கே கிடைக்கும் வாழைப்பழம் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும், வாசனை மட்டும் கிடையாது. மட்டிப்பழம் கனவில்தான். என் பாடு அவ்வளவுதான்.

சொல்ல வந்தது வேறு. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ரயில் எஞ்சின் துடைக்கப் போகிறேன். சம்பளம் கிடையாது. (இந்த வரியை அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.)

நான் இருக்கும் வீட்டுக்குப் பக்கத்தில் ஹன்ஸ்லெட் என்று ஒரு இடம். அங்கேயிருந்து ஒரு மைல் அளவுக்கு மிடில்டன் ரயில்வே என்று ஒரு பாதை. நிலக்கரி கொண்டுபோக 1758லேயே பார்லிமெண்டில் சட்டம் போட்டுப் போட்ட பாதையாம். முதலில் குதிரை, 1812ல் நீராவி. நம்ம நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது 1979ல். நீங்கள் சைக்கிள் மிதித்துப் போய்ப் பார்த்த கதையை எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள்! 1960லிருந்து இந்தப் பாதையை ஓட்டுவது எல்லாம் தொண்டர்கள். ரிட்டயர்ட் வாத்தியார், பிளம்பர், காலேஜ் பிள்ளைகள் என்று முறை வைத்து வருகிறார்கள். கிளீனராகச் சேர்ந்து, பரீட்சை பாஸாகி ஃபயர்மேன் (எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிறவர்), அதற்கும் பல வருஷம் கழித்து டிரைவர். நான் இன்னும் எண்ணெய்த் துணியோடுதான் நிற்கிறேன்.

இங்கே இருப்பதில் பெரும்பாலும் டேங்க் எஞ்சின். பெரிய எஞ்சினுக்குப் பின்னால் கரிக்கும் தண்ணீருக்கும் தனி வண்டி ஒன்று வரும் அல்லவா, இதற்கு அது கிடையாது. குதிரை முதுகில் சேணம் போட்ட மாதிரி பாய்லருக்கு மேலேயே தண்ணீர்த் தொட்டி வளைந்து உட்கார்ந்திருக்கும். அந்தப் பாரம் சக்கரத்தில் இறங்குவதால் தண்டவாளத்தில் பிடிப்பு. முன்னால் பின்னால் எப்படி வேண்டுமானாலும் ஓட்டலாம், திருப்ப வேண்டியதில்லை. ஆனால் தூரம் போகாது, சீக்கிரம் தண்ணீர் தீர்ந்துவிடும். அதனால் இதுகளுக்கு வாய்த்தது எல்லாம் பாட்டாளி வேலை: சுரங்கம், தொழிற்சாலை, துறைமுகம்.

எனக்குப் பிடித்தது 'சர் பெர்க்லி'. 1890ல் இதே ஹன்ஸ்லெட்டில் மேனிங் வார்டில் என்ற கம்பெனி செய்தது. முதலில் ரயில் பாதை போடும் கான்ட்ராக்டரிடம் மண் இழுத்திருக்கிறது. அப்புறம் நார்தாம்ப்டன்ஷையரில் இரும்புக்கல் குவாரியில் பாடு. பழைய இரும்புக்கடைக்குப் போயிருக்க வேண்டியது, 1960களில் ஆர்வலர்கள் வாங்கிக் காப்பாற்றினார்கள். செய்த கம்பெனியே 1927ல் மூடிப்போனது.

காப்பாற்றுவது என்றால் பெயின்ட் அடித்து நிறுத்துவது இல்லை அப்பா. பாய்லருக்குப் பத்து வருஷம்தான் கணக்கு. அது முடிந்தால் பாய்லரைக் கழற்றித் தூக்கி, டியூப்களை உருவி, தகடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்து, தண்ணீர் அடைத்து பிரஷர் ஏற்றிப் பார்த்து, அதற்கப்புறம் நீராவியிலும் சோதித்து இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட வேண்டும். நடுவில் வருஷாவருஷமும் சோதனை. இடையிடையே உள்ளே படிந்த உப்பையும் சேற்றையும் கழுவி எடுக்க வேண்டும், கை மரத்துப்போகும். இப்போது கரிதான் பெரிய தலைவலி. வேல்ஸில் கடைசியாக இருந்த பெரிய திறந்தவெளிச் சுரங்கத்தை 2023ல் மூடிவிட்டார்கள். கரி தோண்டிய நாட்டுக்கு இப்போது கரி கப்பலில் வருகிறது.

முதல் நாள் ஒரு பெரியவர் சொன்னார், "குளிர்ந்த பாய்லரை அவசரமாகச் சூடாக்காதே, தகடும் டியூப்பும் ஒரே அளவில் விரியாது, ஒழுகும்" என்று. தலையாட்டினேன். நீங்கள் பாய்லர் பார்த்த பூதப்பாண்டி ரைஸ் மில்லில் எட்டு வயதில் உங்களிடம் கேட்டதுதானே.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களிடம் எல்லாம் நீங்கள் மில்லில் மேனேஜர் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். உமியும் வியர்வையுமாக நீங்கள் வாசலில் வந்து நின்ற அன்றைக்கு நான் பின்பக்கம் வழியாக ஓடியதும் அதற்குத்தான். கடைசியில் மில்லை விற்று, பாய்லரை கேஸ் வைத்து வெட்டி லாரியில் ஏற்றினார்கள். நீங்கள் களத்து ஓரத்தில் நின்றீர்கள். ஒரு மாதச் சம்பளமாவது தருவார்கள் என்றீர்கள், அதுவும் வரவில்லை.

போன வாரம் டீ குடிக்கும்போது அப்பா என்ன வேலை என்று கேட்டார்கள். பாய்லர் பார்த்தார், நெல் அவிக்கிற மில்லில், உமி போட்டு எரிப்பார் என்றேன். நாலு பேர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். உமி லேசாயிற்றே, புகைபோக்கி வழியாகப் பறக்காதா? சாம்பல் அடைக்காதா? ஒரு மூட்டை நெல்லுக்கு எவ்வளவு உமி? ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.

அப்புறம் ஒரு செய்தி. நம்ம பெரம்பூர் பட்டறையில் 2010ல் ஓடவைத்த பழைய எஞ்சின் இ.ஐ.ஆர். (ஈஸ்ட் இந்தியன் ரயில்வே) 21 இருக்கிறதே, அதுவும் ஹன்ஸ்லெட்டில் 1855ல் செய்ததுதான். அதுவும் டேங்க் எஞ்சின், தண்ணீர்த் தொட்டி மட்டும் அடியில் இருக்கும். நம்ம நாட்டில் நூறு வருஷம் காட்சிப் பொருளாக நின்றதைத்தான் தூசி தட்டி ஓட்டினார்கள் என்று சொன்னேன். இவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. உமி எப்படிப் போடுவீர்கள், காற்று எந்தப் பக்கம் விடுவீர்கள், சாம்பல் எப்போது தள்ளுவீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அடுப்பு வாயைப் படம் வரைந்து அளவும் போடுங்கள், அங்குலத்திலேயே போடுங்கள், இவர்களுக்கு அதுதான் புரியும். அம்மா நேந்திரங்காய் சிப்ஸ் பார்சல் கட்டும்போது உள்ளே வைத்துவிடச் சொல்லுங்கள். எண்ணெய் படாமல் பிளாஸ்டிக் கவரில்.

உங்கள்
மகன்