530 கிலோ படகுக்கு டிரக் எதற்கு? பிரேக் உள்ள டிரெய்லர் போதும்

அனுப்புநர்:
கடந்த செப்டம்பரில் தங்கள் கடையில் படகு வாங்கியவர்,
டாண்டினாங், விக்டோரியா.

பெறுநர்:
மேலாளர்,
சிறு படகு, டிரெய்லர் விற்பனையகம்,
மெல்பர்ன்.

நாள்: 18.11.2024

பொருள்: என் காரால் இழுக்கக் கூடாத டிரெய்லரை விற்றதும், கேட்டதற்கு டிரக் வாங்கச் சொன்னதும் குறித்து.

ஐயா,

வணக்கம். விலை பேசியது, படகின் அருமை பெருமைகளை அளந்தது, "கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க அண்ணே" என்றது எல்லாமே உங்கள் கடையில் தமிழில்தான் நடந்தது. ரசீது மட்டும் ஆங்கிலம். விற்ற மொழியிலேயே புகாரும் வரட்டும் என்று எழுதுகிறேன். ஆங்கிலப் படி ஒன்றும் இணைத்திருக்கிறேன், பின்னால் தேவைப்படலாம்.

செப்டம்பர் 14, சனிக்கிழமை. 4.2 மீட்டர் அலுமினியப் படகு, 30 குதிரைத்திறன் இன்ஜின், பிரேக் இல்லாத டிரெய்லர் மூன்றையும் சேர்த்து உங்களிடம் வாங்கினேன். பணம் கட்டுவதற்கு முன்னால் நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: என் கார் இதை இழுக்குமா? வாய்வார்த்தையாகக் கேட்கவில்லை. காரின் கையேட்டை எடுத்துவந்து, பக்கத்தைத் திறந்து, உங்கள் விற்பனையாளரின் மேசை மேல் வைத்தேன். பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் 450 கிலோ, பிரேக் உள்ளது என்றால் 1,100 கிலோ என்று அதில் தெளிவாக அச்சிட்டிருக்கிறது.

அவர் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. என்னை டிரெய்லரிடம் கூட்டிப்போய், முன்பக்கத் தகட்டில் 'ஏ.டி.எம். 750' என்று இருந்ததைக் காட்டினார். ஏ.டி.எம். என்றால் பணம் எடுக்கும் பெட்டி என்றுதான் அதுவரை எனக்குத் தெரியும். டிரெய்லர் சுமையோடு மொத்தம் எவ்வளவு எடை இருக்கலாம் என்பதன் உச்சவரம்பாம். "750 வரைக்கும் பிரேக்கே வேண்டாம்னு சட்டமே சொல்லுது அண்ணே. இது மொத்தமே நானூறுக்குள்ளதான் வரும்" என்றார்.

அவர் சொன்ன சட்டம் பொய்யில்லை. ஆனால் அதில் பாதியைத்தான் சொன்னார். 750 கிலோ வரை பிரேக் இல்லாமல் ஓடலாம் என்பது டிரெய்லருக்கான விதி. அதை இழுக்கும் காருக்குத் தயாரிப்பாளர் வைத்த வரம்பு தனி. கார், டிரெய்லரை மாட்டக் காரின் பின்னால் பொருத்தும் டோ பார், டிரெய்லர் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் இருக்கும். அவற்றில் எது சிறியதோ அதுதான் செல்லும். என் விஷயத்தில் அது 450. தினமும் டிரெய்லர் விற்கிறவருக்கு இது தெரியாது என்றால் நம்ப முடியவில்லை. தெரிந்தே சொன்னார் என்றால் அது இன்னும் மோசம்.

அக்டோபர் 13, ஞாயிறு. விடிவதற்கு முன்பே நானும் மாமனாரும் காரம் (Carrum) என்ற ஊர்ப் பக்கம் பேட்டர்சன் ஆற்றுப் படகுத்துறைக்குக் கிளம்பினோம். ஸ்னாப்பர் மீன் வளைகுடாவுக்குள்ளே வரத் தொடங்கும் காலம். ஈஸ்ட்லிங்க் சாலையில் 90-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் திடீரென்று லேசானது போல இருந்தது. யாரோ காரின் பின்பக்கத்தைப் பிடித்து மெல்ல இடமும் வலமும் அசைப்பது போல ஓர் ஆட்டம். "மாப்ளே, பின்னால வாலாட்டுது" என்றார் மாமனார். அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய லாரி எங்களைத் தாண்டிப் போனது. அதன் காற்று பட்டதும் டிரெய்லர் பக்கத்துப் பாதையின் கோட்டைத் தொட்டுத் தொட்டுத் திரும்பியது. கண்ணாடியில் படகின் மூக்கு ஒரு முறை இடது பக்கம் தெரிகிறது, மறு முறை வலது பக்கம். பிரேக்கை மிதித்திருந்தால் டிரெய்லர் மடங்கிக் காரையே திருப்பியிருக்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டிருந்தேன். 70-க்கு வந்த பிறகுதான் ஆட்டம் அடங்கியது. தாம்சன் ரோடு வழியாக இறங்கி ஓரமாக நிறுத்தினோம். மாமனார் கொஞ்ச நேரம் கதவைத் திறக்கவே இல்லை. அன்றைக்கு மீனும் இல்லை, ஒன்றும் இல்லை.

தூத்துக்குடியில் உப்பு லாரிகள் எடை மேடையில் ஏறி இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். எடை விஷயத்தில் ஊகம் உதவாது என்று தெரியும். மறுநாள் டிரெய்லரை ஊர்ந்து ஊர்ந்து பொது எடை மேடைக்குக் கொண்டுபோய், காரிலிருந்து கழற்றித் தனியாக எடை போட்டேன். 530 கிலோ. சீட்டின் நகல் இணைப்பில் உள்ளது.

இதற்கு எடை மேடைகூடத் தேவைப்பட்டிருக்காது. படகின் உடல் 195 கிலோ என்று உங்கள் கடைத் துண்டறிக்கையிலேயே இருக்கிறது. இன்ஜின் 80 என்று அதன் பெட்டியில் இருக்கிறது. வெறும் டிரெய்லர் 185 என்று அதே தகட்டில், அந்த 750-க்குக் கீழேயே இருக்கிறது. கூட்டினால் 460. பெட்ரோல், பேட்டரி, நங்கூரம், ஐஸ் பெட்டி ஏதும் ஏற்றாத மொட்டைப் படகே என் காரின் வரம்பைத் தாண்டிவிட்டது. 'நானூறுக்குள்' என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று வெகுநேரம் யோசித்தேன். படகையும் டிரெய்லரையும் கூட்டினால் 380 வருகிறது. இன்ஜினை விட்டுவிட்டுக் கூட்டியிருக்கிறார்! ஒருவேளை துடுப்புப் போட்டுப் போவேன் என்று நினைத்தாரோ என்னவோ.

வாலாட்டியதற்குக் காரணம் எடை மட்டும் இல்லை. டிரெய்லரின் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு காரின் கொக்கி உருண்டை மேல் அழுந்த வேண்டும். எனக்கு அது 53 கிலோ. குளியலறைத் தராசை டிரெய்லர் காரோடு மாட்டும் இணைப்புக்கு அடியில் வைத்து, நடுவில் ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்துப் பார்த்தேன். 14 காட்டியது. தராசு கெட்டுவிட்டதோ என்று நானே ஏறி நின்று பார்த்தேன். அது சரியாகத்தான் இருக்கிறது, என் எடையில் ஒரு கிராம்கூடக் குறைக்கவில்லை. டிரெய்லரைக் குனிந்து பார்த்தபோது விஷயம் புரிந்தது. படகின் மூக்கு, அதை டிரெய்லர் மேல் இழுத்து ஏற்றும் விஞ்ச் கம்பத்தின் ரப்பரில் முட்டி நிற்க வேண்டும். நீங்கள் கொடுத்த டிரெய்லரில் அந்தக் கம்பமே ஒரு சாண் தள்ளி இருக்கிறது. கம்பத்தைப் பின்னால் தள்ளிப் பூட்டியிருக்கிறீர்கள், படகும் அந்த அளவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. இன்ஜின், பேட்டரி, பெட்ரோல் டாங்க் மூன்றும் பின்கோடியில். அச்சுக்குப் பின்னால் பாரம் சேர்ந்தால் எந்த டிரெய்லரும் வாலாட்டும். டாங்கையும் ஐஸ் பெட்டியையும் நானே படகின் முன்பக்கம் நகர்த்தி மறுபடி எடை பார்த்தேன். 31 வந்தது. இன்னும் போதாது. ஆனால் கோளாறு எங்கே என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

இத்தனையையும் அக்டோபர் 19 அன்று கடைக்கு வந்து நேரில் சொன்னேன். பதில் இரண்டே வரி. "கார்ல இழுத்தா அப்படித்தான் அண்ணே இருக்கும். நல்லதா ஒரு யூட் எடுத்துடுங்க." யூட் என்றால் பின்னால் திறந்த தட்டு உள்ள சிறு டிரக். கையோடு கடன் தரும் நிறுவனத்தின் அட்டையையும் கொடுத்தார்கள்.

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்கிற கதை இது. இங்கே ஓடும் இரட்டை இருக்கை வரிசை யூட்கள் பெரும்பாலும் பிரேக் உள்ள டிரெய்லரை 3,500 கிலோ வரை இழுக்கக்கூடியவை. என் படகு 530. படகுத்துறைச் சரிவில் பாசி படிந்திருந்தால் முன்சக்கரம் இழுக்கும் என் கார் ஒன்றிரண்டு முறை வழுக்கத்தான் செய்கிறது, யூட் அங்கே சுலபமாக ஏறிவிடும், அதை மறுக்கவில்லை. ஆனால் மாதத்தில் இரண்டு நாள் சரிவில் ஏறுவதற்காக, வேலைக்கும் பள்ளிக்கும் காய்கறிக் கடைக்கும் அத்தனை பெரிய வண்டியை ஓட்ட எனக்கு விருப்பமும் இல்லை, வசதியும் இல்லை. அப்படி ஓட்டவும் தேவையில்லை. டிரெய்லரில் ஓவர்ரைடு பிரேக் இருந்தால் இதே கார் 1,100 கிலோ வரை இழுக்கலாம். அந்த பிரேக்குக்குக் காரில் புதிதாக எதையும் பொருத்த வேண்டாம். கார் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் வந்து இணைப்பைத் தள்ளும், அந்தத் தள்ளலே நெம்புகோல் வழியாகக் கம்பியை இழுத்து டிரெய்லர் சக்கரத்தில் பிரேக்கைப் பிடிக்கும். பிரேக் உள்ள டிரெய்லர்கள் அன்றைக்கு உங்கள் முற்றத்தில் வரிசையாக நின்றன. ஒன்றைக்கூட எனக்குக் காட்டவில்லை.

வரம்பை மீறி இழுத்து விபத்து நடந்தால் இழப்பீடு மறுக்கப்படலாம் என்று என் காப்பீட்டு ஆவணத்தில் இருக்கிறது. அதனால் ஒரு மாதமாகப் படகு வீட்டு வாசலில் தார்ப்பாய் மூடிக் கிடக்கிறது.

ரசீதின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று முத்திரை குத்தியிருக்கிறீர்கள். 2011 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின் முன் அந்த முத்திரைக்கு மதிப்பில்லை. இன்ன வேலைக்கு வேண்டும் என்று சொல்லி, விற்பவர் பேச்சை நம்பி வாங்கிய பொருள் அந்த வேலைக்கு உதவ வேண்டும் என்கிறது சட்டம். என்ன வேலை என்பதை நான் கையேட்டைத் திறந்து வைத்தே சொன்னேன்.

ஆகவே, இந்த டிரெய்லரை எடுத்துக்கொண்டு பிரேக் உள்ளதை உங்கள் செலவில் மாற்றிக் கொடுங்கள். விஞ்ச் கம்பத்தைச் சரியான இடத்தில் பூட்டி, உருண்டை மேல் விழும் பாரத்தை 50 கிலோ பக்கம் கொண்டுவந்து, எடைச் சீட்டோடு ஒப்படையுங்கள். எடை மேடைக்குக் கட்டிய பணத்தையும் கொடுங்கள். இவை முடியாது என்றால் படகு, இன்ஜின், டிரெய்லர் மூன்றையும் திருப்பி எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் தந்துவிடுங்கள். 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் விக்டோரியா நுகர்வோர் விவகாரத் துறையிடமும், அப்புறம் வி-கேட் தீர்ப்பாயத்திடமும் போவேன்.

கடைசியாக ஒன்று. டிரெய்லரை நான் உங்கள் கடைக்கு இழுத்து வர முடியாது. சாமான்களையெல்லாம் இறக்கிவிட்டாலும் 460 கிலோ, என் கார் வரம்புக்கு 10 கிலோ அதிகம். உங்கள் முற்றத்தில் ஒரு டிரக் நிற்பதைப் பார்த்தேன். அதை அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமைகளில் காலை 9 மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது, எடை மேடைச் சீட்டு, கார் கையேட்டின் பக்கம், டிரெய்லர் தகட்டின் படம், தராசின் படங்கள் இரண்டு.