64 இருக்கட்டும், எழுத்தில் இருக்கட்டும்: ஜப்பான் வாகன உற்பத்தியாளர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

டோக்கியோவில் இயங்கும் ஜப்பான் வாகன உற்பத்தியாளர் சங்கத்தின் தலைவருக்கும் அதன் 14 உறுப்பு நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் நாட்டில் ஏலத்தில் எடுக்கப்பட்டுக் கப்பலேறி வந்த கெய் கார்கள், அதாவது ஜப்பானியச் சட்டம் அளவை வரையறுத்த சின்னக் கார்கள், இலங்கைத் தெருக்களில் ஏராளம். வாகன்ஆர், ஆல்ட்டோ, எவ்ரி, மிரா என்றால் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படி ஒன்றைத்தான் நானும் ஓட்டுகிறேன். அதன் வேகமானி 140இல் முடிகிறது. 1987இல் சுசூகி ஆல்ட்டோ வொர்க்ஸின் எஞ்சின் சக்தி 64 பிஎஸ்ஸைத் தொட்டது (பிஎஸ் என்பது குதிரைத்திறனின் ஓர் அளவு). அன்றிலிருந்து உங்களில் யாரும் கெய் காரில் அந்த எண்ணைத் தாண்டவில்லை. 3.4 மீட்டர் நீளமும் 660 சிசியும் சட்டம் போட்ட எல்லைகள். 64 மட்டும் நீங்களாகவே போட்டுக்கொண்டது. அந்தக் கட்டுப்பாட்டை நான் மதிக்கிறேன். அதைக் கைவிட வேண்டாம் என்றும், இனி எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைத்துச் செய்யுங்கள் என்றும் கேட்கவே இந்த மடல்.

எழுதி வைக்கச் சொல்வதற்குக் காரணம், பெரிய கார்களுக்கு நீங்கள் ஒரு காலத்தில் வைத்திருந்த 280 என்ற எண்.

1988இல் ஜப்பானில் சாலை மரணங்கள் மீண்டும் 10,000த்தைக் கடந்தன. இரண்டாவது போக்குவரத்துப் போர் என்றே அந்தக் காலத்தைச் சொன்னார்கள். போக்குவரத்து அமைச்சு அழுத்தம் கொடுத்தது. 1989இல் வந்த நிசான் ஃபேர்லேடி இசட்டும் ஸ்கைலைன் ஜிடி-ஆரும் 280 பிஎஸ்ஸோடு நின்றன. அதுவே எல்லோருக்கும் கூரையானது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் எதுவும் இல்லாமல், போட்டி நிறுவனங்கள் எல்லாம் ஒரே எண்ணுக்குக் கட்டுப்பட்டு 15 ஆண்டுகள் நின்றது சாதாரண விஷயமல்ல. 

ஆனால் அந்தக் கூரைக்குக் கீழே நடந்தது வேறு. 1989இல் ஜிடி-ஆருக்கு 280 பிஎஸ். 1999இல் வந்த ஆர்34 ஜிடி-ஆருக்கும் காகிதத்தில் அதே 280தான். முறுக்குவிசையோ, அதாவது சக்கரத்தைச் சுழற்ற எஞ்சின் தரும் திருகு விசையோ, 36 கிலோகிராம் மீட்டரிலிருந்து 40 ஆகியிருந்தது. காரின் சக்தியை அளக்கும் டைனோ கருவியில் ஏற்றிப் பார்த்தவர்கள் 300ஐத் தாண்டிய கணக்குகளைக் கண்டார்கள். விற்பனைக் கையேட்டில் அச்சிடும் எண் வாங்குபவருக்குக் கொடுக்கும் வாக்கு. பாதுகாப்பின் பெயரில் அந்த வாக்கையே பொய்யாக்கியது எனக்கு இன்றும் வருத்தம்.

அதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. ஜப்பானில் 280 பிஎஸ் என்று விற்ற டொயோட்டா சுப்ரா, அமெரிக்காவில் 320 குதிரைத்திறனோடு விற்கப்பட்டது. ஒசாகாவில் உயிருக்கு ஆபத்து என்று குறைத்த சக்தி டெக்சாஸில் ஆபத்தில்லையா? மோட்டார் சைக்கிளிலும் இதே கதை. உள்நாட்டுப் பெரிய பைக்குகளுக்கு 100 பிஎஸ் என்ற வரம்பு 2007 வரை இருந்தது. அதனால் ஏற்றுமதிக்கென்று செய்த முழுச்சக்தி பைக்குகளையே ஜப்பானியர்கள் மறு இறக்குமதி செய்து ஓட்டினார்கள். உள்ளூருக்கு ஒரு கணக்கு, வெளியூருக்கு ஒரு கணக்கு என்று வைத்தால் உள்ளூர்க் கணக்கும் நிற்காது.

2004இல் உங்கள் சங்கமே கார்களுக்கான 280 வரம்பை நீக்கச் சொன்னது. அந்த ஒக்டோபரிலேயே ஹோண்டா லெஜன்ட் 300 பிஎஸ்ஸோடு வந்தது. மரணங்கள் குறைந்துவிட்டன, அதற்கும் குதிரைத்திறனுக்கும் தொடர்பு தெரியவில்லை என்றீர்கள். அதை நான் மறுக்கவில்லை. வரம்பு இருந்தபோதுதான், 1992இல், மரணங்கள் 11,000ஐத் தாண்டின. பின்னர் அவை குறைய சீட் பெல்ட்டும் ஏர்பேக்கும் குடித்துவிட்டு ஓட்டுவோருக்கான கடும் தண்டனையும் பெரிதும் உதவின. எஞ்சின் உச்சச் சுழற்சியில் தரும் சக்திக்குத்தான் நீங்கள் கூரை போட்டீர்கள். மணிக்கு 180 கிலோமீட்டரில் வேகம் தானாக வெட்டப்படும் கார்களில், 100 கிலோமீட்டர் வரம்புள்ள நெடுஞ்சாலைகளில், அந்த உச்சத்தை யார் எப்போது தொட்டார்கள்?

இப்போது அதே தவறு கெய் காரில் வந்துகொண்டிருக்கிறது. 2022இல் வந்த நிசான் சகுரா மின்கார் 47 கிலோவாட், அதாவது 64 பிஎஸ். வாக்கு அப்படியே காப்பாற்றப்பட்டிருக்கிறது. ஆனால் அதன் முறுக்குவிசை 195 நியூட்டன் மீட்டர். டர்போ பெட்ரோல் கெய் கார்களில் அது 100 அளவில்தான் இருக்கும். அதிலும் மின்மோட்டார் அந்த விசையை நின்ற இடத்திலிருந்தே தருகிறது. மேட்டில் ஏற இது நல்ல வசதிதான். ஆனால் ஜப்பானில் சாலையில் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 65 வயதைக் கடந்தவர்கள். பிரேக் என்று நினைத்து அக்சிலரேட்டரை மிதிக்கும் விபத்துகள் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. 2019இல் டோக்கியோவின் இகெபுகுரோவில் 87 வயது முதியவர் ஓட்டிய கார் ஒரு தாயையும் சின்ன மகளையும் கொன்றபின் நாடே அதைப் பற்றிப் பேசியது. கார் நிறுத்துமிடத்திலும் குறுகிய தெருவிலும் ஆளைக் கொல்வது முதல் சில மீட்டர்களின் பாய்ச்சல். 64 என்ற எண் அதை அளப்பதே இல்லை.

வாய்ச்சொல் ஒப்பந்தம் வாக்குக் கொடுத்தவரை மட்டுமே கட்டும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. பிரிட்டனின் கேட்டர்ஹாம் நிறுவனம், சுசூகியின் கெய் எஞ்சினையே வாங்கி 80 பிஎஸ்ஸாக்கி செவன் 160 என்ற தன் காரில் பொருத்தியது. ஜப்பானில் அதுவும் கெய் காராகவே பதிவானது. நாளை வெளிநாட்டு மின்கார்கள் வரிசையாக வரும்போது எழுதப்படாத 64ஐ யாரிடம் காட்டுவீர்கள்?

ஆகவே கேட்கிறேன். 64 பிஎஸ் வரம்பை, அதன் காரணத்தோடும் அளக்கும் முறையோடும் உங்கள் சங்கத்தின் பெயரில் வெளியிடுங்கள். நின்ற நிலையிலிருந்து கார் எவ்வளவு வேகமாகப் பாயலாம் என்பதற்கும் ஓர் எல்லை வையுங்கள். முதலில் மின்கெய் கார்களுக்கு, பிறகு மற்றவற்றுக்கு. அந்த எல்லை ஏற்றுமதிக் கார்களுக்கும் பொருந்த வேண்டும். எங்கள் தெருக்களில் நடைபாதை இல்லை. பள்ளிப் பிள்ளைகள் கார் ஓரமாகவே நடந்து போகிறார்கள். எண்ணை மாற்ற நினைத்தால், 2004இல் செய்தது போல முடிவை மட்டும் அறிவிக்காமல், தரவுகளை முன்வைத்து முதலில் எங்களையும் கேளுங்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
யாழ்ப்பாணத்துக் கெய் கார் ஓட்டுநர் ஒருவர்