கரண்ட் கொடுக்கும் முன் ஒரு தகவல் சொல்லுங்கள்

சென்னைத் தொழிற்பேட்டைகளின் மின்விநியோகப் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கு, வணக்கம்.

2015 டிசம்பரில் ஈக்காட்டுத்தாங்கலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூரும் மூழ்கியது உங்களுக்குத் தெரியாததல்ல. வெள்ளத்தில் கரண்டை நிறுத்துவதை, இந்தப் பேட்டைகளில் சிறுதொழில் நடத்தும் நாங்கள் குறை சொல்லவில்லை. உயிர் முக்கியம், நிறுத்தத்தான் வேண்டும். தண்ணீர் வடிந்தபின் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பக் கொடுக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் இந்த மடல். சென்ற மழையிலும் அதுவே நடந்தது.

ஷெட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் ஏறினால், கணினிக் கட்டுப்பாட்டில் உலோகத்தைக் கடையும் சிஎன்சி இயந்திரத்தில் முதலில் நனைவது தரையோடு இருக்கும் கூலண்ட் பம்பும் ஹைட்ராலிக் மோட்டாரும். அடுத்தது கன்ட்ரோல் பேனலின் அடிப்பகுதி. தண்ணீர் வடிந்ததும் வெளியே காய்ந்ததுபோல் தெரியும். உள்ளே டெர்மினல்களில் சேறு மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். காயிலுக்குள் ஈரம் இருக்கும். சேற்றை நல்ல தண்ணீரில் கழுவி, மோட்டாரைக் கழற்றி, சுமார் 90 டிகிரி சூட்டில் ஓவனில் காயவைத்து, பேரிங்கை மாற்றி, மின்கசிவு இருக்கிறதா என்று 500 வோல்ட் மெகரில் (காப்புத்தடை அளக்கும் மீட்டர்) பார்க்க வேண்டும். 1 மெகா ஓம்கூடக் காட்டாத மோட்டாருக்கு கரண்ட் கொடுக்கவே கூடாது. இதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் நள்ளிரவில் கரண்ட் வந்தால், நனைந்ததோடு போயிருக்க வேண்டியது எரிந்தே போகிறது. மோட்டாரை ரீவைண்டிங் செய்துகொள்ளலாம். இயந்திரத்தின் மோட்டார்களைக் கட்டுப்படுத்தும் சர்வோ டிரைவ் போனால் லட்சத்தில் செலவு. கையிருப்பில் இல்லையென்றால் வாரக்கணக்கில் ஜாப் ஒர்க் நிற்கும், ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும்.

மெயினை அணைத்து வைக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். அணைக்கிறோம். இரவில் தண்ணீர் ஏறிப் பூட்டிக் கிடக்கும் ஷெட்டில் யார் அணைப்பது? தண்ணீரில் நின்று மெயினைத் தொடு என்று எந்தத் தொழிலாளியிடமும் சொல்ல மாட்டோம்.

எங்கள் பங்கைச் செய்கிறோம். அக்டோபருக்கு முன்பே சிஎன்சி பேராமீட்டர்களை (இயந்திரத்தின் அமைப்பு விவரங்களை) பென் டிரைவில் நகலெடுக்கிறோம். மெமரி பேட்டரியை இயந்திரம் ஆனில் இருக்கும்போதே மாற்றுகிறோம். ஆஃப் செய்துவிட்டு மாற்றினால் பேராமீட்டர் அழிந்துவிடக்கூடும். பேனலுக்கு மேடை கட்டுகிறோம். கழற்ற முடிந்த மோட்டாரை செயின் பிளாக்கில் தூக்கி வைக்கிறோம்.

உங்களிடம் கேட்பது இதுதான்: கரண்ட் கொடுப்பதற்கு நான்கு மணி நேரம் முன்பாவது, அந்த ஃபீடரில் (ஒரு பகுதிக்குக் கரண்ட் கொண்டுவரும் லைன்) உள்ள எல்லா இணைப்புகளுக்கும் குறுஞ்செய்தி அனுப்புங்கள். அதற்குள் வந்து மெயினை அணைத்துக்கொள்வோம். மின் கட்டணம் எவ்வளவு என்று செய்தி வரும் அதே எண் போதும். தண்ணீர் புகுந்த ஷெட்களின் ஃபியூஸை, தெருவோர மின்விநியோகப் பெட்டியான பில்லர் பாக்ஸிலேயே எடுத்து வைத்துவிட்டு மற்றவர்களுக்குக் கொடுங்கள். சோதித்துவிட்டோம் என்று உரிமையாளர் எழுதிக் கொடுத்தபின் போடுங்கள். ஒரு ஷெட்டில் ஷார்ட் ஆகி ஃபீடரே டிரிப் ஆவதும் இதனால் குறையும்.

பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டு எங்கள் ஷெட்களைப் பள்ளமாக்கியது யார், பில்லர் பாக்ஸ்கள் மட்டும் ஏன் இன்னும் தரையோடு இருக்கின்றன என்றெல்லாம் கேட்க ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வேலை செய்யும் லைன்மேன்கள் மேல் எங்களுக்குத் துளியும் கோபம் இல்லை. அவர்களுக்கு உத்தரவு தரும் இடத்தில் ஒரு நடைமுறை இல்லையே என்பதுதான் ஆற்றாமை.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், ஃபீடர் வாரியாக ஒரு பொறுப்பு அலுவலரின் பெயரையும் எண்ணையும் தொழிற்பேட்டைச் சங்கங்களுக்குத் தந்து, முன்தகவல் இல்லாமல் கரண்ட் கொடுக்கப்படாது என்று எழுத்தில் உத்தரவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சென்னைச் சிறுதொழில் முனைவோர்